வையம்பட்டியில் ஒரு கேஸ்!

"ஏன்டாப்பா... நீ வாங்கிக் குடுத்த மிலிட்டரிக்காரன் கைவிட்டுட்டான்டா!"

காலை ஆறரை மணிக்கு வையம்பட்டியிலிருந்து அத்தையின் குரல். அதுவும் பக்கத்து வீட்டுப் போனில். எனக்குத் தூக்கம் தெளியவில்லை. எங்கள் வம்சத்தில் மிலிட்டரிக்குப் போனவர் யாரும் கிடையாது. அதிகபட்சம் என்.சி.சி. அதுவும் பூரி கிழங்குக்காக!

இரண்டு நிமிஷம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. அத்தை சொன்னது செல்போன் கவரை. பொங்கலுக்கு முன்னால் திருச்சி சிங்காரத்தோப்பில் நான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. அட்டைப்பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் மூன்று சத்தியங்கள்: 'மிலிட்டரி கிரேடு கேஸ்', 'பத்தடி உயரத்திலிருந்து விழுந்தாலும் பத்திரம்', 'லைஃப்டைம் வாரன்டி'. சொன்ன விலை 699 ரூபாய். "பில் வேணாம்னா 600 குடுங்க சார்" என்றார் கடைப் பையன். நானும் பரம சந்தோஷமாக 600 ரூபாயைப் போனிலேயே தட்டிவிட்டேன். (இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் குறித்து வையுங்கள். பின்னால் அழுவதற்கு உபயோகப்படும்.)

கவருக்குள் இருந்தது சாதாரணப் போன் இல்லை. சவுதியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் அத்தை மகன், முதல் வருஷச் சேமிப்பில் அம்மாவுக்கு வாங்கி அனுப்பியது. ராத்திரி ஒன்பது மணியானால் அதில் அவன் முகம் தெரியும். அத்தைக்கு டி.வி. சீரியல், அர்த்தஜாம பூஜை எல்லாம் அதுதான்.

"எப்படி அத்தை விழுந்தது?"

"திண்ணையில உக்காந்து பேசிட்டிருந்தேன். வெள்ளாடு ஒண்ணு முருங்கையில வாயை வச்சுது. 'ஏய்'னு எந்திரிச்சேன். மடியில இருந்தது படியில விழுந்துடுச்சு."

மடியிலிருந்து படிக்கு! பத்தடி எங்கே, இது எங்கே? எனக்கு வீரம் வந்துவிட்டது.

"கவலையே படாதீங்க அத்தை. வாரன்டி இருக்கு!"

"வாரன்ட்டா? ஐயையோ, போலீசெல்லாம் வேணாம்டாப்பா. ஆடு நம்ம ஆடுதான்!"

* * *

மறுநாள் புதன்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ஸைப் பிடித்து, ஊருக்குள் ஊர்ந்து, திண்டுக்கல் பஸ்ஸுக்கு மாறினேன். ராம்ஜி நகர் தாண்டினால் காவிரி என்று ஒரு நதி இருப்பதே மறந்துவிடும். பச்சை குறைந்து பாறை கூடும். பஸ் ஜன்னலில் அடிக்கிற காற்றைப் பிடித்து அப்பளமே பொரிக்கலாம்.

மணப்பாறையில் பஸ் நின்றதும் இரண்டு சமாசாரங்கள் உள்ளே ஏறின. ஒன்று, முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் பந்தா இல்லாமல் ஜன்னல் வழியாகத் தலை நீட்டுகிறது. இந்த ஊர்த் தண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கும். அதுதான் முறுக்கின் ருசிக்குக் காரணம் என்று ஊரே சத்தியம் செய்கிறது.

இன்னொன்று, மாட்டுச் சந்தையிலிருந்து வந்த ஒரு பெரியவர். செவ்வாய் சாயங்காலம் கூடினால் புதன்கிழமைவரை களைகட்டும் சந்தை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பெரியவர் ஒரு ஜோடி மாடு வாங்கி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாட்டுக்கு வாரன்டி உண்டா ஐயா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

சிரித்தார். "பல்லைப் பாத்தேன், சுழியைப் பாத்தேன், நாலு நடை நடக்கவிட்டுப் பாத்தேன். கயிறு கை மாறிடுச்சுன்னா அப்புறம் மாடு என் மாடு, நோவும் என் நோவு. விக்கிறவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவான் தம்பி, 'பாத்து வாங்கிக்க'ன்னு."

பெரியவர் சொன்னதைத்தான் 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் சொல்கிறது. வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும் என்பதே அதில் பொது விதி; சில விலக்குகள் உண்டு. அதே சட்டம் இன்னொரு நுணுக்கமும் வைத்திருக்கிறது. விற்பனையில் 'கண்டிஷன்' என்பதை மீறினால் பொருளையே வேண்டாம் என்று திருப்பித் தள்ளலாம். 'வாரன்டி' மீறினால் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். ஆக, வாரன்டி என்பது பிறக்கும்போதே ஒரு படி கீழே பிறந்த பிள்ளை. அதன் தலையில் 'லைஃப்டைம்' என்று கிரீடம் வைத்தால் மட்டும் ராஜாவாகிவிடுமா?

* * *

வையம்பட்டி, திருச்சியிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஊராட்சி ஒன்றியத் தலைநகரம். ரயில்வே ஸ்டேஷன் உண்டு. பெரிய ரயில்கள் பெரும்பாலும் ஒரு கூவு கூவிவிட்டுப் போய்விடும். நான்குவழிச்சாலை வந்த பிறகு கார்களும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. அருகே பொன்னம்பலப்பட்டி சுங்கச்சாவடியில் மட்டும் எல்லோரும் பயபக்தியோடு நிதானிக்கிறார்கள். மானாவாரி பூமி. சோளமும் கடலையும் மழையை நம்பி நிற்கும். பக்கத்தில் பொன்னணியாறு அணை இருக்கிறது. அதுவும் மழையை நம்பித்தான்.

வையம் என்றால் உலகம். ஆகவே இது உலகப்பட்டி. ஆனால் வைவது என்றால் திட்டுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டல்லவா? அத்தை வீட்டு வாசலில் கால் வைத்ததும் இரண்டாவது அர்த்தமே சரி என்று தோன்றியது.

"வாடாப்பா பெரிய படிப்பாளி! அறுநூறு ரூவாய்க்கு ஒரு சட்டை. உள்ள இருக்கிறவன் செத்துட்டான், சட்டை கசங்கக்கூட இல்ல!"

நிஜம்தான். கவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. போன் திரையில்தான் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு விரிசல்.

"ரெண்டு நாள் அப்படியேதான் பேசினேன். அவன் நெத்தியில இருந்து தாடை வரைக்கும் கோடு. வெட்டுத் தழும்பு மாதிரி. அவன் 'அம்மா நல்லாயிருக்கேன்'ங்கிறான், எனக்கு அந்தக் கோடுதான் தெரியுது. மூணாவது நாள் முழுசா கருத்துப்போச்சு."

இதைச் சொல்லும்போது அத்தை வையவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அத்தை எதையும் தூக்கிப்போடுகிற ஜாதி இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, 1980-களின் ரேஷன் கார்டுக்கும் மாமாவின் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து, கவர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே வாரன்டி அட்டை. கடுகைவிடச் சின்ன எழுத்து. மாமாவின் மூக்குக் கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"தயாரிப்பில் உள்ள குறைபாட்டுக்கு மட்டுமே இந்த வாரன்டி பொருந்தும்."

"சரி, படி."

"கவருக்குள் வைக்கப்படும் சாதனத்துக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் கம்பெனி பொறுப்பல்ல."

"என்னாது?"

"தேய்மானம், கீறல், நிறம் மாறுதல் இதில் அடங்காது." (கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கவர்கள் ஆறே மாசத்தில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகின்றனவே, கவனித்திருக்கிறீர்களா? டி.பி.யு. என்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் அது. வெயிலும் சூடும் பட்டால் பழுப்பது அதன் ஜாதகம். அந்த ஜாதகம் தெரிந்துதான் இந்த வரியை எழுதுகிறார்கள்!)

"முதலில் வாங்கியவருக்கு மட்டுமே பொருந்தும். அசல் பில் அவசியம். வாங்கிய முப்பது நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். கூரியர் செலவு வாடிக்கையாளருடையது."

"வாங்கினது நீ. வச்சிருக்கிறது நான். பில் எங்கடா?"

இங்கேதான் அழ வேண்டும் என்று முன்பே சொன்னேன்.

கடைசி வரி: "லைஃப்டைம் என்பது பொருளின் ஆயுட்காலத்தைக் குறிக்கும்."

அத்தை சற்று நேரம் யோசித்தாள். "அதாவது, கவரு எத்தனை நாள் உசுரோட இருக்கோ அத்தனை நாள் அது உசுரோட இருக்கும்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான். குடுக்கிறதைக் கொட்டை எழுத்துல போட்டான், எடுக்கிறதைக் கடுகு எழுத்துல போட்டான்!"

ஐந்தாம் கிளாஸ் படித்த அத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

* * *

ஆனாலும் விடக்கூடாது என்று வாடிக்கையாளர் சேவை நம்பரைக் கூப்பிட்டேன். அத்தை வீட்டில் சிக்னல், தெருமுனைப் புளியமரத்தடியில்தான் முழுசாகக் கிடைக்கும். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' எல்லாம் முடிந்து, இனிமையான ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க சார், கவர்ல என்ன பிரச்னை?"

"கவர்ல ஒண்ணும் இல்லைங்க. போன் உடைஞ்சுடுச்சு."

"கவர் உடைஞ்சிருக்கா சார்?"

"இல்லை, கவர் நல்லா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார்! அப்ப எங்க தயாரிப்புல குறை இல்லைன்னு அர்த்தம். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

புளியமரத்தில் சாய்ந்துவிட்டேன்.

நீங்கள் வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் போடுகிறீர்கள். திருடன் வந்து பீரோவையே தூக்கிக்கொண்டு போய்விட்டான். வாட்ச்மேனை அனுப்பிய கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்க ஆளோட யூனிஃபாரம் கிழிஞ்சிருக்கா சார்? இல்லையா? அப்ப சந்தோஷம்!" என்கிறார்கள். இதுதான் கவர் வாரன்டி. காவல்காரன் தன் உடம்புக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறான்.

கோபம் அடங்கியதும் நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். 600 ரூபாய்க் கவரை விற்றுவிட்டு, அதற்குள் வைக்கிற 20,000 ரூபாய்ப் போனுக்கெல்லாம் பணம் கட்டினால் எந்தக் கம்பெனியும் ஒரு மாசத்தில் கதவைச் சாத்த வேண்டியதுதான். பொருளில் குறை இருந்தால் பொறுப்பு என்பது வாரன்டி. கை தவறி விழுந்தாலும் பொறுப்பு என்பது இன்ஷூரன்ஸ். இரண்டாவதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். போன் கம்பெனிகூடத் தன் ஒரு வருஷ வாரன்டியில் 'கீழே விழுந்தால்' என்பதைச் சேர்ப்பதில்லை. வேண்டுமானால் திரைப் பாதுகாப்புத் திட்டம் என்று தனியாக விற்கும். ஆகவே கம்பெனி ஒரு வரம்பு வைத்தது குற்றம் இல்லை. அந்த வரம்பைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்ததுதான் குற்றம்.

சரி, அந்த 'மிலிட்டரி' சமாசாரம்? அமெரிக்க ராணுவத்துக்கு 'மில்-எஸ்டிடி-810' என்று ஒரு சோதனை நியதி உண்டு. 1962-ல் பிறந்தது. கவர் கம்பெனிகள் பெரும்பாலும் கை காட்டுவது அதில் உள்ள விழுதல் சோதனையை. 122 சென்டிமீட்டர், அதாவது நாலடி உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும். அது என்ன 26? ஒரு பெட்டிக்கு முகம் 6, விளிம்பு 12, மூலை 8. கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 26 விழுதலையும் ஒரே பொருள் தாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஐந்து பொருள்வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். விழுகிற இடம்? கான்கிரீட் மேல் பரப்பிய இரண்டங்குல ஒட்டுப்பலகை! இதிலே தேறியதாக அமெரிக்க ராணுவம் யாருக்கும் சர்டிஃபிகேட் எழுதித் தருவதும் இல்லை. கம்பெனியே சோதித்து, அல்லது ஒரு லேபில் கொடுத்துச் சோதித்து, தானே பெட்டியில் போட்டுக்கொள்வது.

அத்தையிடம் டேப் வாங்கித் திண்ணையை அளந்தேன். இரண்டே முக்கால் அடி. நாலடிக்கும் குறைவு. ஆனால் வாசல்படியில் ஒட்டுப்பலகை இல்லை. கருங்கல்.

"மிலிட்டரிக்காரன் பலகை மேல விழுந்து பழகினவன். நம்ம ஊரு கல்லு மேல விழுந்து பழகல" என்றாள் அத்தை.

* * *

மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு மணப்பாறைக்குத் திரும்பினேன். கடைவீதியில் ஒரு ரிப்பேர் கடை. இருபத்திரண்டு வயசுப் பையன் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"கவர் நல்ல கவர்தாண்ணே. மூலையில காத்து மெத்தை வச்சிருக்கான். மூலை பட்டு விழுந்தா அது அமுங்கி, அடியை மெதுவாக்கும். முன்னாடி ஓரத்துல இந்த வரப்பு இருக்கு பாருங்க, மட்டமான தரையில குப்புற விழுந்தா கண்ணாடி தரையைத் தொடாது. ஆனா ஒரு கல்லு முனையோ படி முனையோ இருந்துச்சுன்னா, வரப்பைத் தாண்டி நேரா கண்ணாடியில குத்திடும். அதுக்கு எந்தக் கவரும் ஒண்ணும் பண்ண முடியாது."

வயலுக்கு வரப்பு கட்டினால் வெள்ளம் நிற்கும். வானத்திலிருந்து விழுகிற கல் நிற்குமா? இந்த ஒரு விளக்கத்தைப் பெட்டி மேல் போட்டிருந்தால் நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பேன்.

திரை மாற்ற 3,400 ரூபாய். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். "பில் போடு தம்பி" என்றேன், வாழ்க்கையில் முதல் முறையாக.

காத்திருந்த நேரத்தில் ஒரு வழக்கைப் பற்றி யோசித்தேன். வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1891-ல் லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்று ஒரு புகை உருண்டை விற்றார்கள். தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் மூக்கில் இழுத்த பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம். எங்கள் வாக்கில் சந்தேகம் வேண்டாம், பாங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றும் ஒரு வரி. திருமதி கார்லில் என்கிற அம்மாள் சொன்னபடியே இழுத்தார். சொல்லி வைத்தாற்போல் ஜுரம் வந்தது. பணத்தைக் கேட்டால், "விளம்பரத்தில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதம்மா" என்றது கம்பெனி. 1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட், "பாங்கியில் பணம் போட்டேன் என்று சொன்னவன் சும்மா பேச்சுக்கா சொல்வான்? எடு நூறு பவுண்டை!" என்ற பொருளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் 96 வயசுவரை வாழ்ந்து 1942-ல்தான் காலமானார்.

நம் காலத்திலும் நடக்காமல் இல்லை. தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீர் பட்டுக் கெட்டால் வாரன்டி கிடையாது என்று சொன்னதற்காக 2020-ல் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் ஆப்பிள் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்தலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக, 2022-ல் ஆஸ்திரேலியாவில் சாம்சங் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கட்டியது. பெட்டியின் முகப்பு ஒன்று சொல்லி, உள்ளே இருக்கும் அட்டை வேறொன்று சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது.

நம் நாட்டில்? 2019-ல் நிறைவேறி 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால், அத்தைக்காகவே எழுதின மாதிரி சில விஷயங்கள் இருக்கின்றன.

பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆக, சட்டத்தின் கண்ணில் அத்தையும் கணக்கில் உண்டு. தகுந்த சோதனை எதுவும் செய்யாமல் பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது நியாயமற்ற வர்த்தகம். சோதித்தோம் என்று நிரூபிக்கிற பொறுப்பு அப்படிச் சொன்னவர் தலையில். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான். கம்பெனி டெல்லியில் இருந்தால் டெல்லிக்கு ஓட வேண்டாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வையம்பட்டிக்காரர் என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கெல்லாம் முன்னால், 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பார்க்கலாம்.

கேஸ் வாங்கி ஏமாந்தவன் கேஸ் போட்டேனா? இல்லை சார். 99 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பில்லை விட்டவன் நான். பணம் அனுப்பியதற்குப் போனில் பதிவு இருக்கிறது. அதுவும் ஒரு சாட்சிதான். ஆனால் கூண்டில் ஏறி, "பில் ஏன் வாங்கலை?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கடைக்காரர் செய்தது தப்பு என்றால், அதில் பாதிப் பங்கு என் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் 1915-க்கு மட்டும் கூப்பிட்டு, பெட்டியின் முகப்பையும் அட்டையின் கடுகு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகார் சொன்னேன். நம்பர் கொடுத்தார்கள்.

* * *

போனை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, கூடை நிறைய முறுக்கோடு ஒருவர் நின்றார். வீட்டுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று இரண்டு பாக்கெட் கேட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"ஸ்ரீரங்கம் வரைக்கும் உடையாமப் போகுமா?"

பாக்கெட்டைக் கையில் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க சார். பஸ்ஸுல கூட்டம் இருக்கும், மேல பையை வைப்பாங்க, உடையும். அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. ஆனா பதினஞ்சு நாள் கழிச்சுப் பிரிச்சாலும் நமுத்துப் போயிருக்காது. அதுக்கு நான் ஜவாப்தாரி. நமுத்திருந்தா கொண்டாங்க, இதே இடத்துலதான் நிப்பேன். இப்ப சொல்லுங்க, வேணுமா?"

பார்த்தீர்களா? எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில், பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டார். காலையில் பஸ்ஸில் வந்த பெரியவரின் மாட்டு வியாபாரியும் இதைத்தானே செய்தான்? வரம்பு இல்லாத வாக்கு உலகத்தில் எவராலும் கொடுக்க முடியாது. வரம்பை முகத்துக்கு நேரே சொல்கிறவர் வியாபாரி. எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகுதான் வரம்பு தெரிகிறது என்றால், அதற்கு வேறு பெயர்.

ஆகவே, அடுத்த தடவை கவர் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த வாரன்டி கவருக்கா, போனுக்கா? லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப்? பில் எங்கே? மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவர் விலையைக் குறைக்க வந்தால், தயவுசெய்து குறைய விடாதீர்கள்.

* * *

ராத்திரி ஒன்பது மணி. போன் அடித்தது. அத்தை எழுந்து வந்து, திண்ணைக்குக் கீழே, வாசலில் சாணம் தெளித்த மண் தரையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் அத்தை கீழே உக்காந்துட்டீங்க?"

"தரையில இருந்து தரையில எப்படிடா விழும்?"

உலகத்துக் கவர் கம்பெனி இன்ஜினியர்களுக்கெல்லாம் தோன்றாத யோசனை! திரையில் அவன் முகம் வந்தது. கோடு இல்லை, தழும்பு இல்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று ஆரம்பித்த அத்தை, அடுத்த கால் மணி நேரத்துக்கு என்னை மறந்துபோனாள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. நல்லெண்ண அடிப்படையில் புதுசாக ஒரு கவர் அனுப்புகிறார்களாம். "நல்லா இருக்கிற சட்டைக்கு மாத்துச் சட்டையா?" என்றாள் அத்தை. வந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பேச இரவல் கொடுத்த போனுக்கு!

முறுக்கு? மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்தேன். இருபதில் எட்டு உடைந்திருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொறுமொறு.

சொன்னது சொன்னபடி!